ஒன்றேகால் விநாடிப் பாட்டு

ஒரு பாட்டைப் பாடி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

சங்கீத வித்வானைக் கேட்டால், "அது ராகத்தைப் பொறுத்தது, ரசிகர்களின் பொறுமையையும் பொறுத்தது" என்பார். பல்லவியை ஒன்றரை மணி நேரம் இழுத்துப் பிடித்து, "கடைசி பஸ் போய்விடுமே!" என்று ஜனங்களைத் தவிக்க விட்டவர்களும் உண்டு. சினிமாப் பாட்டு என்றால் நாலைந்து நிமிஷம். தாலாட்டு என்றால் குழந்தை தூங்கும் வரையில். சில வீடுகளில் அம்மா தூங்கும் வரையில்.

இங்கிலாந்து தேசத்தில் ஒரு குழுவினர் ஒரு பாட்டுப் பாடி இசைத்தட்டிலும் பதித்திருக்கிறார்கள். அதன் நீளம் 1.316 விநாடி! ஒன்றேகால் விநாடிக்குச் சற்றே கூட. "பாட்டு ஆரம்பமாகப் போகிறது, எல்லோரும் கொஞ்சம் சும்மா இருங்கள்" என்று வீட்டிலுள்ளவர்களை அதட்டி முடிப்பதற்குள் அதை இரண்டு தடவை பாடி விடலாம். உலகத்திலேயே மிகக் குட்டையான பாட்டு என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் அதற்கு இடம் கிடைத்தது.

"வேலையற்ற பிள்ளைகள் செய்த விளையாட்டு" என்று சொல்லி உடனே பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். வேலையற்ற பிள்ளைகள் என்பது என்னவோ வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பாட்டின் பின்னால் ஓர் ஊரின் கதை இருக்கிறது. ஒரு தேசத்தின் ஜனாதிபதி இருக்கிறார். மரண தண்டனையை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு தமிழ் வாலிபர் கூட இருக்கிறார். இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

இரும்பு விளைந்த ஊர்

பர்மிங்ஹாம் என்று ஓர் ஊர். லண்டனுக்கு வடமேற்கே இருக்கிறது. "ஆயிரம் தொழில்களின் நகரம்" என்று அதற்குப் பட்டப் பெயர். ஊசியிலிருந்து யந்திரம் வரையில் அங்கே செய்யாத சாமான் கிடையாது. ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரங்களைக் கூட்டாளியோடு சேர்ந்து செய்து விற்றது அந்த ஊர்ப் பக்கத்தில்தான். சம்மட்டிச் சத்தத்தில் தூங்கி, சங்குச் சத்தத்தில் விழித்த ஜனங்கள்.

1965-ஆம் வருஷம், அந்த ஊரில் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் டோனி ஐயோமி என்ற பதினேழு வயதுப் பையன் வேலை பார்த்து வந்தான். கிதார் வாசிப்பதில் பைத்தியம். ஒரு வாத்தியக் குழுவில் சேர்ந்து வெளிநாடு போக வேண்டியது. ஆகவே உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டான். கடைசி நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், "இனிமேல் போகவில்லை" என்றான். "ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா" என்று தாயார் திருப்பி அனுப்பினாள். நியாயமான பேச்சுத்தான். அன்று பிற்பகல் யந்திரம் அவனுடைய வலது கையில் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எடுத்துக் கொண்டது.

அவன் இடது கைப் பழக்கக்காரன். கிதாரின் தந்திகளை அழுத்துவது வலது கை. இனிமேல் கிதாரே இல்லை என்று வைத்தியர்கள் சொல்லி விட்டார்கள். தொழிற்சாலை மானேஜர் ஒருவர் அவனைப் பார்க்க வந்தார். ஓர் இசைத்தட்டைக் கொண்டு வந்து போட்டுக் காட்டினார். பிரமாதமான கிதார் வாசிப்பு. "இதை வாசித்தவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் தீயில் வெந்து பயனற்றுப் போனவை, தெரியுமா?" என்றார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற மேதையின் வாசிப்பு அது.

பையன் எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் சீசாவை உருக்கி, விரல் நுனிகளுக்குக் குப்பி செய்து மாட்டிக் கொண்டான். மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பிற்பாடு சுருதியையும் இறக்கினான். கனத்த, இருண்ட நாதம் ஒன்று பிறந்தது. அவனும் மூன்று சிநேகிதர்களும் சேர்ந்த "பிளாக் ஸாபத்" குழு, 1969 அக்டோபரில் ஒரே நாளில் தங்கள் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது. அது 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. இன்று "ஹெவி மெட்டல்" என்று உலகம் முழுவதும் சொல்லுகிறார்களே, அந்த உலோக சங்கீதத்தின் மூலப் பிரதி அதுதான் என்பது பெரும்பாலோர் கொள்கை. உலோகம் விரலை வாங்கியது. விரல் உலோகத்தை நாதமாகத் திருப்பிக் கொடுத்தது.

பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்

இது தாத்தா கதை. இனிப் பேரன் கதைக்கு வருவோம்.

பத்துப் பதினைந்து வருஷத்தில் பர்மிங்ஹாமின் சம்மட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1982-ல் பிரிட்டனில் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டி விட்டது. அப்பாவுக்கு வேலை போயிற்று; பிள்ளைக்கு வேலை வரப் போவதில்லை. அதோடு அணுகுண்டு பயம் வேறு. அமெரிக்காவின் ஏவுகணைகள் 1983-ல் இங்கிலாந்து மண்ணிலேயே வந்து இறங்கின.

1981-ல், பர்மிங்ஹாமுக்கும் கவெண்ட்ரிக்கும் இடையிலுள்ள மெரிடன் என்ற கிராமத்தில் நிக் புல்லன், மைல்ஸ் ராட்லெட்ஜ் என்ற இரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு குழு ஆரம்பித்தார்கள். மீசை அரும்பாத வயது. குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் "நேபாம் டெத்". நேபாம் என்பது 1942-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் கண்டுபிடித்த எரி குழம்பு. தோலில் ஒட்டிக் கொண்டு எரிவது. 1972-ல் வியட்நாமில் ஆடையெல்லாம் எரிந்து போய் ஒரு சிறுமி அலறிக் கொண்டு ஓடி வந்த புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவள் மேனியைச் சுட்டது இந்தக் குழம்புதான்.

பிள்ளைகள் தங்கள் குழுவுக்கு "வசந்தம்" என்றோ "தென்றல்" என்றோ பெயர் வைப்பது வழக்கம். இவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். அந்த வயதில் அவர்கள் கண்ணில் பட்டது அது.

பர்மிங்ஹாமில் ஸ்பார்க்ஹில் என்ற பகுதியில் "மெர்மெய்ட்" என்றொரு மதுக்கடை இருந்தது. அதன் மாடியில் இப்படிப்பட்ட குழுக்களின் கச்சேரிகள் நடக்கும். பாடுகிறவர்களும் வாலிபர்கள், கேட்கிறவர்களும் வாலிபர்கள். மைல்ஸ் போனார், மிக் ஹாரிஸ் என்ற மத்தளக்காரர் வந்தார். ஜஸ்டின் பிராட்ரிக் என்ற கிதார்க்காரர் வந்தார். வேகம் ஏறிற்று. வேகத்தைக் கண்டுபிடித்தவர்கள் இவர்களே என்று சொல்ல மாட்டேன். ஸ்டோக் நகரத்து "டிஸ்சார்ஜ்", அமெரிக்காவின் "ஸீஜ்" ஆகிய குழுக்கள் வேகத்துக்கு முன்னோடிகள். ஸ்விட்ஸர்லாந்தின் "ஸெல்டிக் ஃப்ராஸ்ட்" கனத்துக்கு முன்னோடி. இந்த இரண்டையும் ஒரே உரலில் போட்டு இடித்தவர்கள் பர்மிங்ஹாம் பிள்ளைகள்.

ஐம்பது பவுன்!

1986 ஆகஸ்டில் அவர்கள் ஊரிலேயே ஒரு சிறு ஒலிப்பதிவு நிலையத்துக்குப் போய்ப் பன்னிரண்டு பாட்டுக்களைப் பதிவு செய்தார்கள். செலவு 50 பவுன். பெண்ணைப் பெற்ற வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். இது நகைக்கடைப் பவுன் அல்ல, ஆங்கில நாணயம். இன்று ஒரு பெரிய நகரத்தில் நாலு பேர் ஹோட்டலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டால் ஆகிற செலவு.

வாசித்த மூவரில் ஒருவருக்குக் கூட இருபது வயது நிரம்பவில்லை. பன்னிரண்டு பாட்டுக்களில் கடைசிப் பாட்டுத்தான் நம்முடைய ஒன்றேகால் விநாடிப் பாட்டு. அதற்குப் பெயர் "யூ ஸஃபர்". அதில் மொத்தம் நான்கே சொற்கள். அந்த நான்கு சொற்களும் சேர்ந்து, மனிதன் படும் துன்பத்தைப் பற்றிய ஒரு கேள்வி ஆகிறது. பதில் கிடையாது. பதிலுக்கு நேரமும் கிடையாது.

பதிவு முடிந்ததும் என்ன நடந்தது? நம் ஊர் நாடகக் கோஷ்டிகளில் நடப்பதுதான். குழு உடைந்தது. நிக் போய்விட்டார்; ஜஸ்டினும் வேறு குழுவுக்குப் போய்விட்டார். மத்தளக்கார மிக் ஹாரிஸ் மட்டும் மிச்சம். அவர் மனிதர்களைத் தேடினார். பாட லீ டோரியன், கிதாருக்கு பில் ஸ்டியர், தாழ்சுருதிக் கிதாருக்கு ஜிம் வைட்லி என்று மூன்று பேர் கிடைத்தார்கள். 1987 மே மாதம் அதே நிலையத்தில் இன்னும் பதினாறு பாட்டுக்கள் பதிவாயின.

ஆக, இசைத்தட்டின் முதல் பக்கம் ஒரு குழு. மறு பக்கம் வேறொரு குழு. இரண்டிலும் இருப்பவர் ஒரே ஒருவர். மொத்தம் 28 பாட்டுக்கள், சுமார் 33 நிமிஷம். நாட்டிங்ஹாமில் டிக்பி பியர்ஸன் என்பவர் நடத்தி வந்த "இயரேக்" என்ற சிறு கம்பெனி 1987 ஜூலையில் அதை வெளியிட்டது. கம்பெனியின் பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமோ? காதுவலி! இதைவிட நாணயமான வியாபாரியை நான் கேள்விப்பட்டதில்லை.

இசைத்தட்டின் பெயர் "ஸ்கம்". வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரை மேலே திரண்டு வருமே, அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சமூகத்தின் கசடு என்று மனிதர்களைத் திட்டவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஜெஃப் வாக்கர் என்ற வாலிபர் அட்டைப் படம் வரைந்திருக்கிறார். கோட்டும் டையுமாகச் சில கனவான்கள் நிற்கிறார்கள். கீழே மண்டையோடுகள், பெரிய கம்பெனிகளின் சின்னங்கள். யார் கசடு என்ற கேள்வியை அட்டையிலேயே போட்டு விட்டார்கள்.

அரைக்கிற சத்தம்

"சரி ஐயா, கேட்க எப்படி இருக்கும்?" என்கிறீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நான் அதைப் போட்டபோது, அடுக்களையிலிருந்து அத்தை, "மாடிப் படியில் தகர டப்பாவை யார் உருட்டி விட்டது?" என்று கேட்டுக் கொண்டே வந்தாள். பாட்டு என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் அதற்குள்ளும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. மத்தளக்காரர் வலது கையால் தாளத் தட்டையும் வலது காலால் பெரிய முரசையும் ஒரே சமயத்தில் அடிக்கிறார். அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் இடது கை புகுந்து சிறு முரசைத் தட்டுகிறது. இதைத் தையல் யந்திரம் ஓடுகிற வேகத்தில் செய்ய வேண்டும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று நம்முடைய வித்வான்கள் படிப்படியாக ஏறுவார்கள். இவர்கள் மாடிப்படியே இல்லாமல் மொட்டை மாடியில் பிறந்தவர்கள். இதற்கு "பிளாஸ்ட் பீட்" என்று பெயர். வெடியடி என்று சொல்லலாம். அந்தப் பெயரை வழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் மிக் ஹாரிஸ்தான் என்பார்கள். இந்த வகை சங்கீதத்துக்கு "கிரைண்ட்கோர்" என்று நாமகரணம் செய்தவரும் அவரே என்று சொல்வதுண்டு. இட்லிக்கு அரைக்கிறோமே, அந்த கிரைண்டர்தான். பொருத்தமான பெயர்.

குரலோ, உறுமல். நம் தொண்டையில் பேசுவதற்கும் பாடுவதற்கும் இருக்கிற குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பொய்க் குரல் நாண்கள் என்று அதற்குப் பெயர். சாதாரணமாகப் பேசும்போது அவற்றுக்கு வேலை இல்லை. இந்தப் பாடகர்கள் அவற்றையும் அதிர வைத்துத்தான் புலி உறுமுகிறாற்போன்ற சத்தத்தை எழுப்புகிறார்கள். முறை தெரியாமல் கத்தினால் ஒரு வாரத்தில் தொண்டை போய்விடும். அதற்கும் அப்பியாசம் வேண்டும் என்றால் பாருங்களேன்!

வார்த்தை ஒன்றும் விளங்காது. அட்டையை எடுத்துப் படித்தால்தான் விஷயம் தெரியும். பன்னாட்டுக் கம்பெனிகளின் பேராசை, யுத்தம், போலி ஒழுக்கம், சிந்திக்காமல் பின்னே போகும் கூட்டம் என்று ஒவ்வொன்றையும் சாடியிருக்கிறார்கள். ஆபாசம் கிடையாது. பெண்களை இழித்துப் பேசுவது கிடையாது. தேனாக இனிக்கும் மெட்டில் விஷத்தைக் கலந்து கொடுக்கிற பாட்டுக்களை நாம் எத்தனையோ கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். இது நேர் மாறு. மெட்டு விஷம், சொல் மருந்து.

"அப்படியானால் இதைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறீரா?" என்று ஒரு பெரியவர் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. பெரியவரே, தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம். கல்யாணத்தில் தாலி கட்டும்போது கெட்டி மேளம் கொட்டுகிறார்களே, அது எதற்கு? அபசகுனமான சொல் எதுவும் காதில் விழாதிருக்க என்கிறோம். அந்த நிமிஷத்தில் நாம் ராகத்தையா தேடுகிறோம்? சத்தம் வேண்டியிருக்கிறது, கொட்டுகிறார்கள். சாவு வீட்டில் பறை முழங்குவதை இனிமையாக இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. சில சமயங்களுக்கு இனிமை பொருந்தாது. 30 லட்சம் பேர் வேலையின்றி இருந்த தேசத்துப் பிள்ளைகள், தங்கள் சமயமும் அப்படிப்பட்டது என்று நினைத்தார்கள். அவ்வளவுதான்.

ரேடியோக்காரர் ஒருவர்

இந்தக் காதுவலியை ஊருக்கெல்லாம் கொண்டு போய்ச் சேர்த்த புண்ணியவான் ஜான் பீல். பி.பி.சி. ரேடியோவில் 1967-லிருந்து 2004-ல் காலமாகும் வரையில் பாட்டு ஒலிபரப்பியவர். யாரும் கேட்டிராத குழுவாக இருந்தால்தான் அவருக்குப் பிடிக்கும். 1987-ல் அவருக்கு வயது 48. தலையில் வழுக்கை, வீட்டில் பிள்ளை குட்டிகள். அந்த வயதில் மற்றவர்கள் "எங்கள் காலத்தில் பாட்டு என்றால்..." என்று ஆரம்பிப்பார்கள். அவரோ "ஸ்கம்" இசைத்தட்டைக் கேட்டுவிட்டுச் சிறு பையனைப் போலக் குதூகலித்தார். ரேடியோவில் திரும்பத் திரும்பப் போட்டார். செப்டம்பரில் குழுவினரை பி.பி.சி. நிலையத்துக்கே வரவழைத்து வாசிக்கச் சொன்னார்.

பிறகு வேகமாகப் பரவியது. ஸ்வீடனிலிருந்து பிரேஸில் வரையில் வாலிபர்கள் இந்த வெடியடியைப் பயின்றார்கள். மரண உலோகம் என்றும் கறுப்பு உலோகம் என்றும் பிரிந்து வளர்ந்த கிளைகளிலெல்லாம் அந்த அடி கேட்கிறது. அந்த ஒரே இசைத்தட்டில் வாசித்தவர்கள் பிரிந்து போய் ஆளுக்கொரு குழுவை வளர்த்தார்கள். பில் ஸ்டியரின் "கார்க்கஸ்", லீ டோரியனின் "கதீட்ரல்", ஜஸ்டினின் "காட்ஃப்ளெஷ்" எல்லாமே பெயர் பெற்றவை. ஆலமரம் விழுதுவிட்ட கதை.

நேபாம் டெத் குழு இன்னும் இருக்கிறது. ஆனால் முதல் இசைத்தட்டில் வாசித்தவர் ஒருவர் கூட இப்போது அதில் இல்லை. மிக் ஹாரிஸும் 1991-ல் விலகிவிட்டார். கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றுகிறோம், அச்சு மாற்றுகிறோம், வடம் மாற்றுகிறோம். ஆனாலும் தேர் அதே தேர்தானே?

2013-ல் ஒரு வேடிக்கை. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலை என்ற மகா கௌரவமான ஸ்தாபனம் இருக்கிறது. கீத் ஹாரிஸன் என்ற மண்பாண்டக் கலைஞர், ஓடுகள் பதித்த பெரிய ஒலிபெருக்கிகளைச் செய்து, இந்தக் குழுவின் சத்தத்தால் அந்த ஓடுகள் விரிசல் விடுவதைக் காட்ட ஏற்பாடு செய்தார். தேதியும் குறித்தாயிற்று. கடைசியில், "அதிர்ச்சியில் எங்கள் பழைய கட்டடத்துக்குச் சேதம் வந்தால் என்ன செய்வது?" என்று காட்சிச்சாலையார் நிறுத்தி விட்டார்கள். அந்த வருஷம் நவம்பரில் கடலோரத்து ஊர் ஒன்றில் வேறு மண்டபத்தில் அதை நடத்தினார்கள். 50 பவுனில் பிறந்த சத்தத்தைக் கண்டு ஓர் அரண்மனை நடுங்கிற்று என்றால் சும்மாவா?

ஜனாதிபதியும் கைதியும்

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இதில் வேடிக்கை இல்லை.

இந்தோனேசியாவில் 2014-லிருந்து 2024 வரையில் ஜனாதிபதியாக இருந்தவர் ஜோக்கோ விடோடோ. மர வியாபாரியின் மகன், எளிய குடும்பம். உலோக சங்கீதத்தில் அவருக்கு அபார மோகம். அவர் ஜகார்த்தா நகரத்தின் கவர்னராக இருந்தபோது 2013-ல் "மெட்டாலிகா" குழுவின் வாத்தியக்காரர் ஒருவர் கிதார் ஒன்றை அவருக்குப் பரிசாக அனுப்பினார். பரிசு வாங்குவது முறையல்ல என்று அதை லஞ்ச ஒழிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்த மனிதர் அவர். நேபாம் டெத்தும் அவருக்கு மிகவும் பிடித்தமான குழு என்பது பிரசித்தம்.

அவர் பதவிக்கு வந்தபோது பாலித் தீவில் ஒரு சிறையில் மயூரன் சுகுமாரன் என்ற வாலிபர் இருந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2005-ல் எட்டுக் கிலோவுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்த முயன்ற ஒன்பது ஆஸ்திரேலியர்களில் அவர் ஒருவர். ஆண்ட்ரூ சான் என்பவரும் அவரும் கூட்டத்தின் தலைவர்கள். குற்றம் பெரிய குற்றம், அதில் சந்தேகமில்லை. இருவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள்.

பத்து வருஷச் சிறைவாசத்தில் மயூரன் வேறு மனிதராகி விட்டார். தூரிகை பிடிக்கக் கற்றார். தம் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். சிறையிலேயே மற்றக் கைதிகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தினார். ஆனால் புதிய ஜனாதிபதி, போதைப் பொருள் குற்றவாளிகளுக்கு மன்னிப்பே கிடையாது என்று சொல்லி விட்டார். தம் தேசத்து இளைஞர்கள் போதையால் சாகிறார்கள் என்பது அவருடைய வாதம்.

2015 ஆரம்பத்தில் நேபாம் டெத்தின் பாடகர் பார்னி கிரீன்வே ஜனாதிபதிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். "எங்கள் பாட்டுக்களை நீங்கள் ரசிக்கிறீர்கள் என்றால், வன்முறையின் சங்கிலியை அறுக்க வேண்டும் என்று அவை சொல்வதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த இருவருக்கும் உயிர்ப் பிச்சை கொடுங்கள்" என்ற பொருள்பட எழுதினார். இன்னொரு பர்மிங்ஹாம்காரரும் அதே ஜனாதிபதிக்கு விண்ணப்பம் அனுப்பினார். அவர் யார் என்கிறீர்கள்? விரல் நுனியை யந்திரத்துக்குக் கொடுத்த அதே டோனி ஐயோமிதான்!

பிரதம மந்திரிகள் எழுதினார்கள், பாதிரிமார்கள் எழுதினார்கள், தாயார்கள் அழுதார்கள். உறுமிப் பாடுகிறவர்களும் தாழ்ந்த குரலில் கேட்டார்கள். பலன் இல்லை. 2015 ஏப்ரல் 29-ஆம் தேதி நள்ளிரவு கழிந்ததும் எட்டுப் பேரை நிறுத்திச் சுட்டார்கள். மயூரனுக்கு வயது 34. அவர்கள் கண்ணைக் கட்ட மறுத்து விட்டார்கள் என்றும், கடைசி நிமிஷம் வரையில் தெய்வப் பாடல்களைப் பாடிக் கொண்டே நின்றார்கள் என்றும் உடன் இருந்தவர்கள் சொன்னார்கள்.

இந்த இடத்துக்கு வந்ததும் எழுதுகிற பேனா சற்று நின்று விடுகிறது.

நம்முடைய தமிழில் ஓர் அதிசயமான வினைச்சொல் இருக்கிறது: "கேட்பது". காதால் கேட்பதும் கேட்பதுதான். வாயால் வினவுவதும் கேட்பதுதான். கையேந்தி இரப்பதும் கேட்பதுதான். "பிள்ளை என் சொல்லைக் கேட்பான்" என்று தாயார் சொல்லும்போது, இணங்கி நடப்பதும் கேட்பதுதான். ஒரே சொல்லில் நாலு காரியம்.

பர்மிங்ஹாம் பிள்ளைகள் ஒன்றேகால் விநாடியில் ஒன்று கேட்டார்கள். உலகத்தின் பல மூலைகளில் அதை எத்தனையோ காதுகள் கேட்டன. ஒரு தேசத்தின் ஜனாதிபதியும் கேட்டார், ரசித்தும் கேட்டார். அவர்களே வந்து ஓர் உயிரைக் கேட்டபோது அவர் கேட்கவில்லை.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? காலையில் ராமாயணப் பாட்டை உருகி உருகிக் கேட்டுவிட்டு, மத்தியானம் தம்பியின் பேரில் பாகப் பிரிவினை வழக்குப் போடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பாட்டு மனிதனின் காது வரையில் வந்து கதவைத் தட்டும். மெல்லத் தட்டுகிற பாட்டும் உண்டு. சம்மட்டியால் இடிக்கிற பாட்டும் உண்டு. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. அதைத் திறக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

உங்கள் வீட்டில் பிள்ளையோ பெண்ணோ காதில் எதையோ மாட்டிக் கொண்டு, இரும்புக் கடை இடிந்து விழுகிறாற்போன்ற சத்தத்தைக் கேட்டுக் கொண்டிருந்தால், உடனே அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அவர்கள் என்னடா சொல்கிறார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஒன்றேகால் விநாடி போதும். பதிலைக் கேட்கத்தான் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.